சிறுத்துப்போன அலைகள்

இதய நோய்ப் பிரிவில் இசிஜி எடுக்கும் பணியில் சேர்ந்த புதிதில், தாளில் விழும் கோடுகள் இதயத்தைப் பற்றி மட்டுமே பேசும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் குலைத்தவர், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று வந்த, 60 வயதை நெருங்கிய ஓர் அம்மையார்.

கை கால்களிலிருந்து பதிவான அலைகளில் ஒன்றுகூட 5 மில்லிமீட்டர் உயரத்தை எட்டவில்லை. துடிப்பும் நிமிடத்துக்கு 48தான். இயந்திரக் கோளாறு என்று எண்ணி, ஜெல்லை மறுபடி தடவி, 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவையும் சரிபார்த்து, மூன்றாம் முறை எடுத்தபோதும் அதே கோடுகள்தான் வந்தன. தோல் வறண்டிருப்பதால் மின்முனைகள் சரியாக ஒட்டவில்லை என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அந்த வறட்சியும் நோயின் அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, சிறு சுத்தியலால் அம்மையாருடைய குதிகால் தசைநாணின் மேல் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது மட்டும் தயங்கித் தயங்கித் திரும்பியது. இரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனின் அளவு, 4க்குள் இருக்க வேண்டியது, 80ஐத் தாண்டியிருந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதய உறைக்குள் நீர் கோத்திருந்தது தெரிந்தது; அலைகள் சிறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் இதயம் மெதுவாகத் துடிப்பதோடு, சுருங்கிய பின் தளர்வதற்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்கள் இறுகுவதால் இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு ஏறுகிறது. கெட்ட கொழுப்பைக் கல்லீரல் அகற்றும் வேகமும் குறைகிறது. அந்த அம்மையார் கொழுப்புக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் என்னை உறுத்தியது.

சுரப்பு மிகுந்தாலோ கதை தலைகீழ்: முதியவர்களிடம் கை நடுக்கமோ கண் பிதுக்கமோ இல்லாமல், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் தாறுமாறான துடிப்பு மட்டுமே வெளியே தெரியக்கூடும். அதற்குத் தரப்படும் அமியோடரோன் 200 மில்லிகிராம் மாத்திரையிலேயே ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருப்பதால், அதுவே தைராய்டைக் குலைக்கவும் கூடும். ஆகவே இப்போதெல்லாம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் நான் மின்முனையை ஒட்டுவதில்லை.

அம்மையாருக்குத் தைராய்டு ஹார்மோன் மாத்திரையை 25 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். “இத்தனூண்டு மாத்திரை எனக்கு எந்த மூலைக்கு, தம்பி?” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். சோம்பிக் கிடந்த இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வரலாம் என்பதால், ஆறு வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதித்து அளவைக் கூட்டினார்கள். சில மாதங்கள் கழித்து அவர் வந்தபோது அலைகள் நன்றாக உயர்ந்திருந்தன. அன்றைக்கும் ஒருமுறை இயந்திரத்தின் அளவைச் சரிபார்த்தேன்.