வால் துண்டு

"பால் சுறாதானே தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமா" என்றேன்.

நடந்தது அவ்வளவுதான். தராசு ஆடி நிற்பதற்குள் முடிந்துபோன பேச்சு. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் மீன் கடையில் ஒன்பது வருடம் நின்றவன் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை ஆமா சொல்லியிருப்பான்! இன்னைக்கு வந்ததா? ஆமா. ஐஸ்ல வச்சதா? ஆமா. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சுறாவுக்கு முள்ளே கிடையாது என்பது வேறு விஷயம்.

முள் இல்லாததால்தான் தோட்டத்துப் பிள்ளை பெற்ற வீடுகளில் அதற்கு அத்தனை மவுசு. சுறாவின் உடம்பில் எலும்பு இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. நடுத்தண்டு மட்டும் சுண்ணாம்பு ஏறி, வட்டு வட்டாக அடுக்கியதுபோல இருக்கும். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு வறுத்தால் புட்டு. படுத்துக்கொண்டே சாப்பிடலாம். ஹட்டனில் சுறாவுக்குப் பயப்படும் ஆளை நான் கண்டதில்லை. சாளை முள்ளுக்குப் பயப்படுகிறவர்கள்தான் ஏராளம்.

மருமகள் பிள்ளை பெற்றுப் பதினோராம் நாள் என்றார். பால் இறங்கவில்லையாம். எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கையில் கித்துல் கருப்பட்டிப் பொட்டலம். நான் தராசில் போட்டது 750 கிராம், கை மொத்தம் உள்ள துண்டு. பால் சுறாவின் நடு உடம்பும் அதே மொத்தம்தான் இருக்கும். ஆனால் அது பால் சுறா இல்லை. ஆறரை அடிச் சுறா ஒன்றின் வால் பக்கம்.

வெட்டினவனுக்குத் தெரியும். வெட்டு முகத்தில் நடுத்தண்டு வட்டைப் பார்த்தால் போதும். பால் சுறா எவ்வளவு வளர்ந்தாலும் வட்டு சட்டைப் பொத்தான் அளவைத் தாண்டாது. அன்றைய துண்டில் அது ஒரு ரூபாய்க் குத்தி அளவு இருந்தது. வாலை நெருங்க நெருங்க உடம்பு மெலிந்துவிடும், ஆனால் வட்டு அந்த வேகத்தில் சிறுக்காது. தோலும் சொல்லிவிடும். சுறாத் தோலில் செதிலுக்குப் பதிலாகப் பொடிப் பற்கள். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். எங்களுக்கு வந்துகொண்டிருந்த பெரிய சுறா பெரும்பாலும் பலநாள் படகுக்காரர்கள் ஆழ்கடலில் பிடிக்கும் சில்க்கி. அதன் தோல் பற்கள் மிக நுண்ணியவை, மற்றச் சுறாக்களைவிட வழவழப்பாக, பட்டு மாதிரி இருக்கும். அந்த அம்மாவும் தோலைத் தடவிப் பார்த்தார். "நல்ல எளசு" என்றார்.

முழு மீனாக இருந்திருந்தால் நான் ஆமா சொல்லியிருக்க முடியாது. பால் சுறாவின் வாய் மூலையில் நீளமான மடிப்பு ஒன்று இருக்கும். இரண்டாவது முதுகுச் செட்டை குட்டையாக, அடிவயிற்றுக் குதச் செட்டை தொடங்கிய இடத்துக்கு நன்றாகப் பின்னால் தள்ளி நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தவறாது. ஆனால் கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து வரும் ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் தலையும் இல்லை, செட்டையும் இல்லை, வெறும் உடம்பு. செட்டையை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் வீசிவிட்டு வரக்கூடாது என்று 2001 இல் சட்டம் வந்தது. கசமோரா என்கிற நீள வால் சுறாவைப் பிடிக்கவே 2012 இல் தடை போட்டார்கள். அதெல்லாம் துறைமுகத்தோடு சரி. மலைக்கு ஏறும்போது எல்லாம் 'சுறா' என்கிற ஒரே பெயர்தான். ஆழ்கடல் சில்க்கியின் குட்டி பிறக்கும்போதே இரண்டரை அடி இருக்கும். கிட்டத்தட்ட வளர்ந்த பால் சுறாவின் நீளம். அந்தக் குட்டிகளை எங்கள் கடையும் பால் சுறா என்றுதான் விற்றது. அப்போது யாருக்கும் வயிறு கலங்கவில்லை, எனக்கும் இல்லை.

பெயரைச் சொல்லி ஏமாற்றினேன் என்பதுதான் குற்றம் என்றால், அந்தப் பெயரே ஒரு நம்பிக்கைதான். தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் என்று சொல்லித்தான் பால் சுறா என்று அழைத்தார்கள். அந்த மீனில் அப்படிப் பால் சுரக்க வைக்கும் தனிச்சத்து ஏதும் இல்லை. பிள்ளை அடிக்கடி சப்பினால் பால் ஊறும், தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் தாங்கும். வேடிக்கை என்னவென்றால், பால் சுறா முட்டையிடும் மீனே அல்ல. ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, நஞ்சுக்கொடி வழியாக ஊட்டி, குட்டியாகவே ஈனும். ஈற்றுக்குச் சில குட்டிகள்தான். பிறந்த குட்டியின் நெஞ்சுச் செட்டைகளுக்கு நடுவில் தொப்புள் தழும்பு தெரியும். ஆழ்கடல் சில்க்கியும் அப்படித்தான். ஆகவே தாய்மை என்ற கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கடலில் கலந்த பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறிச் சின்ன உயிர்களுக்குள் போகிறது. அவற்றைத் தின்னும் மீனில் கூடுகிறது, அதைத் தின்னும் சுறாவில் இன்னும் கூடுகிறது. வயதாக வயதாகச் சேர்ந்துகொண்டே போகும். மீட்டருக்கு எட்டாத பால் சுறாவைவிட, பல வருடம் ஆழ்கடலில் வேட்டையாடிய ஆறரை அடி உடம்பில் அதிகம் இருக்கவே வாய்ப்பு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018 இல் சுறாவுக்குக் கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் என்று வரம்பு வைத்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவையே தவிர்க்கட்டும் என்கிறது. தாய்ப்பால் வழியே போவது, கருவில் இருக்கும்போது போவதைவிடக் குறைவு. ஒரு முக்கால் கிலோவால் ஒன்றும் ஆகிவிடாது. இதை எழுதும்போதுகூட அந்த "ஒன்றும் ஆகிவிடாது" என்ற சொல், கல்லாவில் நின்று சொல்வதுபோலவே எனக்குக் கேட்கிறது.

நான் அவருக்குச் சொன்ன யோசனை எல்லாம் நாற்றத்தைப் பற்றித்தான். சுறா தன் இரத்தத்திலும் சதையிலும் யூரியாவை வைத்துக்கொண்டுதான் கடலின் உப்பைத் தாங்குகிறது. செத்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக்கும். பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடலெடுத்து, ஐஸ் போடாவிட்டால் மூக்கை அறுக்கும். மலைநாட்டு வியாபாரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: "இங்கதான் குளிருதே" என்று ஐஸைக் குறைப்பார்கள். நம் குளிர் மனிதனுக்குத்தான் குளிர், பாக்டீரியாவுக்கு அது சுகமான காலநிலை. "உப்புத் தண்ணியில கொரக்காப்புளி கரைச்சு அரை மணி ஊற வைங்க பெரியம்மா, தண்ணிய மாத்தி இன்னொருக்கா வைங்க, தண்டை ஒட்டின கறுப்பு இரத்தத்தச் சொரண்டிருங்க" என்றேன். சரியான யோசனைதான். அமோனியா போகும். பாதரசம் போகாது, அது சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊறவைத்தாலும் அவித்தாலும் உப்புப் போட்டுக் காயவைத்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

பக்கத்துத் தட்டில் சாளை இருந்தது, விலையும் பாதி. சாளை சில வருடமே வாழ்ந்து சாகும் சின்ன மீன், பாதரசம் அதிகம் சேர நேரமே இல்லை. "பால் சுறா இன்னைக்கு இல்ல, சாளையக் கொண்டுபோய் நல்லா அவிச்சு முள்ளெடுத்துக் குடுங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் கேட்டிருப்பாரா என்பது வேறு. அடுத்த கடைக்குப் போய் இதே வால் துண்டை இதே பெயரில் வாங்கியிருப்பார். இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்த நியாயம். அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, அன்னைக்குக் குடுத்தியே, அதச் சாப்பிட்டுப் புள்ளைக்கு நல்லா பால் எறங்கிருச்சு. அதுலயே குடு."

அன்றைக்கு அதிர்ஷ்டவசமாக உண்மையான பால் சுறாவே வந்திருந்தது. தலையோடு இரண்டு, முக்கால் மீட்டர்தான் இருக்கும். ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். வாய் மூலை மடிப்பு, பின்தள்ளிய சின்னச் செட்டை, எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அவர் வாங்கி எடை பார்ப்பதுபோல ஆட்டினார், மூக்கருகே கொண்டுபோனார், திருப்பி வைத்தார்.

"இது வேணாம்ப்பா. இது என்னமோ வேற ஜாதி. எனக்கு அந்தப் பால் சுறாதான் வேணும்."

ஐஸ் பெட்டிக்குள் பெரிய சுறாவின் வால் துண்டு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் கிடந்தது. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, "தீந்துபோச்சு பெரியம்மா" என்றேன்.

அரை மனதோடு சாளை அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தடவை வந்தால் அவருக்கென்று ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். வைக்கிறேன் என்றேன்.