பரிசோதனைச் சீட்டு யார் கைக்குப் போகிறது?

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால், விடியற்காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுகிறவர்களையும், இரவு ஷிப்டு முடிந்து பகலில் அயர்ந்து உறங்குகிறவர்களையும் வீட்டில் பார்த்துப் பேசுவது எளிதல்ல. 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்ற பெயரில் அதே பணி ஆலைகளுக்குள் வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

எங்கள் முதல் முகாமில் நாற்பது வயதைத் தாண்டிய பிரஸ் ஆபரேட்டர் ஒருவருக்கு அழுத்தம் 170/110 காட்டியது. கைப்பட்டையைக் கழற்றுவதற்குள் அவர் தாழ்ந்த குரலில், “சிஸ்டர், இது எச்.ஆருக்குப் போகுமா?” என்று கேட்டார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. உடம்பு சரியில்லாதவர் என்று தெரிந்தால் ஒப்பந்ததாரர் வேறு ஆளை அனுப்பிவிடுவார் என்ற பயம் அவருக்கு. சீட்டை மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்தேன். எத்தனை பேருக்கு என்ன நோய் என்ற மொத்தக் கணக்கு மட்டும் நிர்வாகத்துக்குப் போனால் போதும், பெயர்கள் போகக் கூடாது என்பதில் இன்றுவரை நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்த மாதம் அவர் மாத்திரை வாங்க வரவில்லை. காலை பதினொரு மணிக்கு லைனை விட்டு வர மேற்பார்வையாளர் அனுமதிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. உண்டு, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் செலுத்துகிறார். ஆனால் மருந்தகத்துக்குப் போய்வர அரை நாள் கூலியை இழக்க வேண்டும். மாத்திரை வழங்கும் நேரத்தை ஷிப்டு மாறும் வேளைக்கு மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் பலமுறை பேசினேன், மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு மாதமும் தவறியதில்லை.

சட்டம் கட்டாயப்படுத்தாமல் நிறுவனம் தானாக முன்வரும் ஏற்பாட்டில், ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்தைவிட, ஷிப்டு மாறும்போது மாத்திரை வாங்கக் கிடைக்கும் இந்த அரை மணி நேரம்தான் பெரிது என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 2011 மார்ச்சில் அரசும் நிறுவனங்களும் பொதுச் சுகாதாரத்துக்காக இப்படியொரு தன்னார்வ உடன்பாடு செய்தன. பணியாளர் நலனும் அதில் ஒரு பிரிவு. பின்னர் ஆராய்ந்தவர்கள், நிறுவனங்கள் உறுதியளித்தவற்றில் பெரும்பகுதி அவை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவையே என்று கண்டார்கள். அதனால், முகாமில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதோடு, மூன்றாம் மாதமும் மாத்திரைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எங்கள் பதிவேட்டில் தனியாக எழுதி வருகிறேன்.

கேன்டீனிலும் துப்புரவிலும் வேலை செய்யும் பெண்களின் பெயர்கள் முகாம் பட்டியலில் இன்னும் சேரவில்லை. அவர்கள் வேறொரு ஒப்பந்ததாரரின் கணக்கில் இருக்கிறார்களாம். அடுத்த முகாமுக்குள் அவர்களையும் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.