மொய் எழுதிவிட்டு உட்கார்ந்த பந்தி

அப்பா ஹோட்டல் மெனுவை வலது பக்கத்திலிருந்து படிக்கிறவர். முதலில் விலை, அப்புறம்தான் பெயர். ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியவர். டல்லாஸுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியும், வெளியே சாப்பிடப் போனால் "எனக்குப் பசியில்லப்பா" என்பார். பசி இருக்கும், பதினாறு டாலரை மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரை மெனுவில் விலையே அச்சடிக்காத ஓர் இடத்துக்கு ஐந்து நாள் கூட்டிக்கொண்டு போனேன். மெக்ஸிகோ, கான்கூனுக்குத் தெற்கே, ரிவியேரா மாயா என்கிற கடற்கரையில் ஓர் ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட், அதாவது தங்க, தின்ன, குடிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே விலை. பெயர் வேண்டாம், குறை நிறைய சொல்லப்போகிறேன்.

இங்கிருந்து விமானத்தில் மூன்று மணி நேரம்கூட இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது நம் ஆட்கள் கான்கூனுக்கு ஒரு நடை போய்வருவது இதனால்தான். நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, ஒன்பதிலும் ஐந்திலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. இரண்டு அறை, ஐந்து இரவு, விமான டிக்கெட் சேர்க்காமல் 4,200 டாலர். இந்தத் தொகையை அப்பாவிடம் சொல்லவில்லை. "ஆபீஸ் மூலமா சல்லிசா கிடைச்சுதுப்பா" என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை.

போனதும் கையில் பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கட்டுவார்களே, அதே பட்டை. "எதுக்குடா எல்லாரையும் அட்மிட் பண்றாங்க" என்றார் அம்மா. பட்டை இருந்தால் எதுவும் தின்னலாம், எதுவும் குடிக்கலாம், காசு கேட்க மாட்டார்கள் என்று விளக்கினேன். எல்லாமே சும்மாவா என்று அம்மா கேட்டதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் அப்பா சொன்னார்: "சும்மா எவன் குடுப்பான். மொய்யை முன்னாடியே எழுதிட்டு பந்தியில உக்காந்திருக்கோம். எவ்வளவு எழுதியிருக்கான்னு இவன்தான் சொல்லமாட்டேங்குறான்."

அன்று சாயங்காலமே அவர் தணிக்கையைத் தொடங்கிவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நாள் காலை ஆறரைக்குக் கடற்கரைக்குப் போனால், அந்த விளம்பரப் படத்து நீலம் எங்கோ தள்ளி இருக்கிறது, கரையோரம் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு வரப்பு, அழுகின முட்டை நாற்றம். சர்காசம் என்கிற மிதக்கும் கடற்பாசி. 2011-லிருந்து கரீபியன் கடற்கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது, ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை அதிகம். நான் போனது ஜூலையில். பள்ளி விடுமுறையைப் பார்த்தேனே தவிர பாசியைப் பார்க்கவில்லை, நீங்களாவது பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் வாரி வாரி அள்ளிக்கொண்டிருந்தார்கள், பின்னாலேயே ஒரு டிராக்டர். எனக்குக் கொடுத்த காசெல்லாம் கண்முன் அழுகுவது போல இருந்தது. அப்பா குனிந்து ஒரு கொத்தை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "நம்ம மண்டபம் பக்கம் கட்டக்கோரைம்பாகளே, அந்தச் சாதிதான். அங்க பொம்பளையாளுக மூச்சடக்கி முங்கிப் பாறையிலேர்ந்து பிச்சு எடுத்து, காயவச்சு, கிலோ கணக்குல விக்கிறாக. இங்க தானா வந்து விழுகுது, இவன் காசு குடுத்து அள்ளிக் கொட்டுறான்." எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று அள்ளுகிற ஒருவரிடம் கைஜாடையில் விசாரிக்கவும் செய்தார். கூலி எவ்வளவு என்பதற்கு மட்டும் ஜாடை வரவில்லை.

பத்து மணிக்கெல்லாம் கரை சுத்தமாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பத்து மணிக்கு நாற்காலி கிடைக்காது. விடியுமுன்னே வந்து துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு அறைக்குப் போய்த் தூங்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து எங்கள் துண்டும் முதல் வரிசையில்தான் கிடந்தது.

சாப்பாடு. பஃபே என்றால் கால் கிலோமீட்டர், மிகையில்லை, சரி, கொஞ்சம் மிகை. அம்மா மீன், கோழி சாப்பிடுவார், மாடும் பன்றியும் ஆகாது. இங்கேதான் மொழி உதவும்: மாட்டுக்கறி என்றால் 'ரெஸ்', பன்றி என்றால் 'செர்தோ' அல்லது 'புவெர்கோ'. இதைவிட முக்கியம் 'மந்தேகா'. அது பன்றிக் கொழுப்பு, பார்க்க அப்பாவியாக இருக்கும் மசித்த பீன்ஸில் அதைத்தான் ஊற்றித் தாளிப்பார்கள். சுத்த சைவக்காரர்கள் சோற்றையும் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பது அங்கே சாதாரணம். அம்மா பீன்ஸைத் தொடவில்லை. சோள ரொட்டி சுடுகிற பெண் நின்ற இடத்தில்தான் மூன்று வேளையும் நின்றார். அந்தப் பெண் அரை இருட்டில் எழுந்து ஊழியர் பஸ்ஸில் வருகிறவர், வீட்டில் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் மாயா மொழி பேசுகிறவர், இவருக்கோ ராமநாதபுரத் தமிழ். நடுவில் ஒரு கல். ரொட்டியைக் கையாலேயே திருப்பிப் போடுவதைப் பார்த்து அம்மா தன் விரல் நுனியைக் காட்டினார், அவர் தன் விரல் நுனியைக் காட்டினார், இரண்டும் ஒரே மாதிரி காய்த்திருந்தது. அதற்கப்புறம் அம்மாவுக்குத் தனியாக ஒரு கிண்ணம் வர ஆரம்பித்தது: ஹபனேரோ மிளகாய், வெங்காயம், புளிப்பு ஆரஞ்சுச் சாறு. 'ஷ்னிபெக்' என்று பெயர், மாயா மொழியில் நாய் மூக்கு என்று அர்த்தமாம், தின்றால் மூக்கில் அப்படி ஈரம் வடியும் என்பதால். எனக்கு வடிந்தது. அம்மா சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். மிளகாயே இந்தப் பக்கத்திலிருந்துதான் நமக்கு வந்தது என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. புளித்தண்ணீர் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார்கள், 'தமரிந்தோ' என்ற சீட்டோடு. ஒரு வாய் குடித்துவிட்டு, "பானகம்தான், ஏலக்காய் தட்டிப் போட மறந்துட்டாக" என்றார்.

அப்பா இதற்குள் நீச்சல்குளத்து மதுக்கடையை எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள்ளேயே உட்காரும் திட்டு, காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும். ஒருவர் பதினோரு கோப்பை காலி செய்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார், பதினோராவதுக்கு மேல் குழந்தை கூப்பிட்டதால் எழுந்துபோக வேண்டியதாயிற்றாம். "நாம ஆறு பேருல ஒருத்தரும் குடிக்கல. அந்த ஆளு ஒருத்தனே ஆறு பேருக்குக் குடிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஒரே மொய். அப்ப நம்ம காசுலதான அவன் குடிக்கிறான்?" இந்த வியாபாரத்தின் மொத்த சூட்சுமமும் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பாதிப் பேர் கட்டினதற்கும் குறைவாகத் தின்பார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற பந்தி. நான் ஒரு பீர் எடுத்துக்கொண்டு வந்தால் கணக்கு நேராகுமே என்று நினைத்தேன், அப்பா முன்னால் துணிவு வரவில்லை.

இந்த முறையை எவன் கண்டுபிடித்தான் என்று கேட்டார். 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், அல்குதியா கடற்கரையில், ஜெரார்ட் பிளிட்ஸ் என்ற பெல்ஜியத்துக்காரர் கூடாரம் அடித்து ஆரம்பித்த கிளப் மெட் என்கிற விடுமுறை முகாம்தான் முன்னோடி. அங்கே மதுவுக்கு மட்டும் தனிக் காசு, அதையும் கழுத்தில் போட்ட பாசிமணியாகக் கொடுப்பார்களாம். "கெட்டிக்காரன். சாராயத்தை மட்டும் மொய்யில சேக்கல" என்றார் அப்பா. கான்கூன் ஊரே அரசாங்கம் போட்ட திட்டம், ஆள் அதிகம் இல்லாத மணல்திட்டை மெக்ஸிகோவின் மத்திய வங்கி ஆட்கள் தேர்ந்தெடுத்து 1970-இல் வேலை தொடங்கி, 1974-இல் முதல் ஹோட்டல்கள் திறந்தன என்று சொன்னதும் இன்னும் சந்தோஷம். பேங்க்காரன் கை வைத்தால் அப்படித்தான் இருக்குமாம். 2005-இல் வில்மா புயல் ஒரு நாளுக்கும் மேலாக அங்கேயே நின்று அடித்து மணலை வழித்துக்கொண்டு போய், கடலடி மணலை உறிஞ்சித் திரும்பக் கொட்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதையும் 4,200-இல் சேர்த்துவிடுவார்.

மூன்றாம் நாள் காலை இலவச மசாஜ் தருகிறோம், தொண்ணூறு நிமிடம் ஒரு விளக்கக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று நச்சரித்துக் கூட்டிப்போனார்கள். டைம்ஷேர், அதாவது வருடத்தில் சில நாள் அங்கே தங்கிக்கொள்ளும் உரிமை, விற்கிற கூட்டம். போகாதீர்கள், அரை நாள் போகும், கடைசியில் முகம் கடுத்துத்தான் அனுப்புவார்கள் என்று எல்லாரும் சொல்வதுண்டு. நானும் சொல்கிறேன். ஆனால் அப்பா வருகிறேன் என்று பேனாவும் எடுத்துக்கொண்டார். விற்பனைக்காரர் நல்ல ஆங்கிலத்தில் கனவை விரிக்க விரிக்க, இவர் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டது மூன்றே கேள்வி: வருடா வருடம் பராமரிப்புத் தொகை எவ்வளவு, அது ஏறுமா, ஏறினால் எத்தனை சதவீதத்தோடு நிற்கும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. முப்பதாவது நிமிடத்திலேயே மசாஜ் சீட்டைக் கையில் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அம்மா போய் முதுகைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று இரவுதான் வேட்டி விவகாரம். பஃபே தவிர மற்ற உணவகங்களுக்கு ஆண்கள் முழுக்கால் சட்டை போட வேண்டும், கடற்கரைத் துணி கூடாது. அப்பா சலவை மடிப்பு கலையாத வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார், ஆனால் நடைபாதை ஈரம் என்று மடித்துக் கட்டியிருந்தார். வாசலில் நின்ற பெண் அதைக் கடலில் குளித்துவிட்டு இடுப்பில் சுற்றும் துணி என்று நினைத்து, மிகவும் பணிவாக, இதோடு விட முடியாது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மடிப்பை அவிழ்த்துவிட்டார். வேட்டி கணுக்கால் வரை இறங்கியது. "நவ்?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே மெனு வந்தது. அப்பா பழக்கதோஷத்தில் வலது பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. புரட்டி அந்தப் பக்கம் பார்த்தார். அங்கும் இல்லை. பிறகு மெனுவை மேசையில் வைத்துவிட்டு, "எதை வேணா சொல்லு தம்பி, எனக்கு எதுல பிடி கிடைக்கும்னு தெரியல" என்றார். விலை இல்லாவிட்டால் தனக்கு என்ன பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த இடத்தில் என்னவோ போல் ஆகிவிட்டது. மீன் சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டார்.

ரிசார்ட்டில் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு பகுதி உண்டு, தம்பதிகள் மட்டும் மெத்தையில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளை அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் நாங்களும் போனோம். இருபது நிமிடம் கழித்து மனைவி, "சத்தமே இல்ல, எனக்கு ஏதோ மறந்துட்ட மாதிரியே இருக்கு" என்றாள். திரும்பிவிட்டோம்.

நான்காம் நாள் வெளியே கிளம்பி ஒரு செனோட்டேக்குப் போனோம். கான்கூன் இருக்கிற யுகட்டான் தீபகற்பத்தில் அந்தப் பக்கத்துப் பூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மேலே ஓடுகிற ஆறு இல்லை என்றே சொல்லலாம். மழைத்தண்ணீர் முழுதும் கீழே இறங்கிப் பாறைக்குள் ஓடுகிறது, கூரை இடிந்த இடங்களில் கிணறு போலத் திறந்து கிடக்கிறது, அதுதான் செனோட்டே. மாயா மக்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊர் கட்டினார்கள். இறங்குவதற்கு முன் குளித்துவிட்டு வர வேண்டும், வெயிலுக்குத் தடவுகிற களிம்பு இருக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பலகை மிகவும் பிடித்துப்போனது. குடிதண்ணீர் ஊருணியில் காலைக் கழுவினால் ஊரே திரண்டு வருகிற சீமை எங்களுடையது. அரை மணி நேரம் படியிலேயே நின்று தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடி போல, அடியில் கிடக்கிற கல் வரை தெரிந்தது. இதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு, எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஐந்து நாளில் அவர் விலை கேட்காதது அது ஒன்றுக்குத்தான்.

டிப்ஸ் பற்றி ஒன்று. எல்லாம் சேர்ந்த விலைதானே என்று வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு டாலர் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் இரண்டு நாள் மறந்தே போனேன். அப்பாவோ முதல் நாளிலிருந்தே தலையணையில் இரண்டு டாலர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பந்தி பரிமாறுகிறவனுக்கு வெற்றிலை பாக்கு தனி என்பது அவர் கணக்கு.

கிளம்புகிற அன்று, அறையைக் காலி செய்துவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தோம். பெரியவன் ஐஸ்கிரீம் எந்திரத்துக்குக் கடைசி முறையாக ஓடினான். அப்பா சட்டைப்பையிலிருந்து ரிசார்ட் நோட்டுத்தாள் ஒன்றை எடுத்தார், இரண்டு பக்கமும் பேனாவில் எழுதியிருந்தது.

"நாலாயிரத்து நூறு வருது. டாலர்ல."

"அவ்வளவெல்லாம் இல்லப்பா."

"கூடத்தான இருக்கும்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.