ஹெல்மெட்டுக்கு அடியில் என்ன போடுவது?

சைக்கிள் ஹெல்மெட் வாங்கும்போது தலைச் சுற்றளவை அளந்து, இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து வாங்குபவர்கள்கூட அதற்கு அடியில் என்ன போடப்போகிறோம் என்று யோசிப்பதில்லை. முதல் கோடையிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். நெற்றி வியர்வை சன்ஸ்கிரீனைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் இறங்கும். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் கிளம்பியிருந்தால் அதுவும் சேர்ந்து வரும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிற நேரத்தில் ஒரு கையை எடுத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

இதற்கென்றே உள்ளதுதான் சைக்கிளிங் கேப். நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு நடுப்பட்டை, இரு பக்கமும் இரண்டு துண்டுகள், பின்னால் கொஞ்சம் எலாஸ்டிக், முன்னால் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குட்டி முன்மடல். அவ்வளவுதான். உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். வியர்வையைக் குடிப்பது அதுதான். ஐரோப்பிய சைக்கிள் போட்டிகளில் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் இந்தத் தொப்பிதான் தலையில் இருந்தது. 1991இல் உலக சைக்கிள் போட்டிக் கூட்டமைப்பான யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது வீரர்கள் பாரிஸ்–நீஸ் போட்டியில் எதிர்ப்புத் தெரிவித்துத் தடுத்துவிட்டார்கள். 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸில் கசகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டு மே மாதமே யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தொப்பி காணாமல் போகவில்லை, ஹெல்மெட்டுக்கு அடியில் போய்விட்டது.

அடியில் போனதும் ஒரு நிபந்தனை வந்துவிட்டது. ஹெல்மெட் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அதை நகர்த்துகிற எதையும் போடக்கூடாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் ஹெல்மெட்டின் முன்விளிம்பு, காதுக்குக் கீழே வி வடிவில் சேரும் வார்கள், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்: தொப்பி போட்ட பிறகும் இந்த மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். பின்னாலுள்ள திருகைத் தளர்த்தி, தொப்பியைப் போட்டு, மறுபடி முறுக்கி, வாரை மாட்டாமல் தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் வழுக்கினால் துணி தடிமன், அல்லது ஹெல்மெட் அளவே தப்பு.

கிரிக்கெட் தொப்பி, பேஸ்பால் தொப்பி இரண்டும் இந்தச் சோதனையில் தேறாது. உச்சியில் ஒரு பட்டன் இருக்கும்; விழும்போது அடி முழுக்க அந்த ஒரு புள்ளியில் மண்டைக்குள் இறங்கும். முன்மடல் நீளம், விறைப்பு. அது ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளி நெற்றியைத் திறந்துவிடும். கீழ்நோக்கி வளைந்த டிராப் பார் கைப்பிடியில் குனிந்து பிடித்தால் சாலையே தெரியாது. நம் ஊரில் காலை நேரத்தில் இப்படிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஹெல்மெட்டோடு போனாலே மேல்.

குட்டி முன்மடலின் அருமை விடிகாலையில்தான் தெரியும். ஆறரை மணிக்குக் கிழக்கு நோக்கிப் போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். கூலிங் கிளாஸ் பாதி வேலைதான் செய்யும். முன்மடலை இறக்கி, தலையை லேசாகச் சாய்த்தால் சூரியன் மறைந்து தார் ரோடு மட்டும் தெரியும். இரவிலும் இதே உபாயம்தான். நான்கு வழிச் சாலையில் எதிரே வரும் லாரி ஹை பீமைத் தணிக்கப்போவதில்லை. ஒளி வரும் திசையை முன்மடல் விளிம்பால் மறைத்துக்கொண்டு, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டலாம். பிஆர்எம் எனப்படும் நெடுந்தூர சைக்கிள் சவாரியில் 300, 400 கிலோமீட்டர் போகிறவர்கள் இருட்டிய பிறகும் தொப்பியைக் கழற்றாததற்குக் காரணம் இது. மற்ற நேரத்தில் முன்மடலை மேலே மடித்துவிடுங்கள். இறக்கியபடியே குனிந்து ஓட்டினால், தூரத்தைப் பார்க்கக் கழுத்தைக் கூடுதலாக நிமிர்த்த வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரத்தில் பிடரி பிடித்துக்கொள்ளும்.

மழைக்கும் அப்படியே. கண்ணாடி போடுபவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இதைவிட உதவும் பொருள் வேறில்லை. தூறல், நடுத்தர மழை வரை லென்ஸில் துளி விழாது. அடைமழையில் பருத்தித் துணி ஊறித் தொங்கும், அதன் நுனியிலிருந்தே கண் முன்னால் சொட்டும். அதற்கு நைலான் தொப்பி, அல்லது ஹெல்மெட் மேலேயே மாட்டும் பிளாஸ்டிக் உறை. உறை காற்றுத் துவாரங்களை முழுக்க அடைத்துவிடும் என்பதால் மழை விட்டதும் கழற்றிவிட வேண்டும்.

பருத்தியா பாலியெஸ்டரா என்ற சண்டைக்கு ஊரைப் பொறுத்துத்தான் பதில். கோவை, திருநெல்வேலிப் பக்கத்து உலர்ந்த காற்றில் பருத்தி வெல்லும். துணி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றில் அது ஆவியாகத் தலை குளிரும். பாட்டில் தண்ணீரை ஹெல்மெட் துவாரம் வழியாக ஒரு மடக்கு ஊற்றினால் கால் மணி நேரம் சுகம். ஈசிஆரில் இந்த வித்தை பலிக்காது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வியர்வையே ஆவியாகாமல் நிற்கும். ஊற்றிய தண்ணீர் சொட்டத்தான் செய்யும், ஊறிய பருத்தி ஈரத் துணியாகவே தலையில் உட்கார்ந்திருக்கும். அங்கே மெல்லிய வலைத்துணித் தொப்பி, அல்லது நெற்றிப் பட்டை மட்டும். உள்பக்கம் சிலிக்கான் கோடு வைத்த நெற்றிப் பட்டைகள் கிடைக்கின்றன. பட்டை ஊறிய பிறகும் அந்தக் கோடு வியர்வையைத் தடுத்துக் காதோரமாக வழியவிடும், கண்ணுக்கு வராது. வெறும் துணிப் பட்டை ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். பிறகு பிழிந்து பிழிந்து போட வேண்டியதுதான்.

முடி குறைந்தவர்களுக்கு நெற்றிப் பட்டை போதாது. துவாரங்கள் வழியே வெயில் விழுந்து மண்டையில் வரிவரியாகக் கறுத்துவிடும். அவர்களுக்கு முன்மடல் இல்லாத மெல்லிய முழுத் தொப்பி நல்லது. துவாரத்தில் புகும் குளவி மண்டையைக் கொட்டாமல் இருக்கவும் அது உதவும். நீண்ட கூந்தலென்றால் கொண்டை வேண்டாம். ஹெல்மெட்டின் பின்பகுதியைத் தூக்கிவிடும். பிடரிக்குக் கீழே இறங்கும் தளர்ந்த ஒற்றைச் சடைதான் திருகுக்கு இடம் விடும். ஹிஜாப் அணிபவர்கள் மெல்லிய உள்தொப்பி வகையை எடுத்து, ஹெல்மெட் மூடும் இடத்தில் குண்டூசி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேர் கிளிப்புக்கும் இதுவே விதி.

பஃப் எனப்படும் குழாய்த் துணி எல்லோர் பையிலும் இருக்கிறது. கழுத்துக்கும் தூசிக்கும் அருமையானது. தலையில் போடுவதானால் ஒரே மடிப்பு, முடிச்சு எதுவும் இல்லாமல். இரண்டாக மடித்து முறுக்கினால் அந்த முறுக்கு ஹெல்மெட்டுக்கு அடியில் உறுத்தும். ஹெல்மெட் இல்லாமல் முண்டாசு கட்டிக்கொண்டு சைக்கிளில் வியாபாரத்துக்குப் போகும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெயிலுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, அடிக்குத்தான் அது காப்பாகாது. முண்டாசோ துப்பட்டாவோ, தொங்கும் நுனியை மட்டும் இறுக்கிச் செருகிவிட வேண்டும். காற்றில் அவிழ்ந்து பின்சக்கரத்தில் சிக்கினால் துணி கழுத்தை இழுக்கும்.

மலை ஏறும்போது கணக்கு வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தொப்பியோடு ஏறினால் உச்சியில் துணி பிழியப் பிழிய நீர் வரும். வேகம் குறைவு, காற்று இல்லை. ஏற்றத்தில் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மேலே போனதும் ஜிப் பையில் வைத்திருக்கும் காய்ந்த தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கிருந்து ஈரத் தலையோடு இறங்கினால் கல்லட்டி மலைச்சாலையின் 36 வளைவுகள் முடிவதற்குள் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். டிசம்பரில் காதை மூடும் மெல்லிய பட்டை போடலாம். குரங்குக் குல்லா வேண்டாம்: தடிமன் அதிகம், பின்னால் வரும் வண்டிச் சத்தமும் அமுங்கிவிடும். நம் சாலையில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி மாதிரிதான் காது.

தைத்துக்கொள்ளவும் முடியும். அரை மீட்டர் பாப்ளின் போதும். 58 சென்டிமீட்டர் தலைக்கு நடுப்பட்டை 35 செ.மீ. நீளம், முன்னால் 9, பின்னால் 8 செ.மீ. அகலம். பக்கத் துண்டுகள் அரைவட்டம் போல: அடி 21, உயரம் 12. தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. கூடுதலாக விட வேண்டும். பக்கத் துண்டின் வளைந்த விளிம்பை நூல் வைத்து அளந்தால் நடுப்பட்டையின் நீளமே வர வேண்டும். குறைந்தால் உச்சியில் துணி கூம்பி நிற்கும். தையற்காரரிடம் சட்டைக்குப் போடுவதுபோல் மடித்து அமுக்கிய தையல் கேளுங்கள், சாதாரணத் தையலின் மேடு ஹெல்மெட்டுக்கு அடியில் கோடு போட்டுவிடும். முன்மடலுக்குள் அட்டை வைக்க விடாதீர்கள், முதல் சலவையிலேயே கூழாகும். வளையக்கூடிய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி வைக்கலாம். பின்னால் 12 செ.மீ. நீளத்தை எலாஸ்டிக்கால் 8 செ.மீ.க்குச் சுருக்கினால் இறுக்கம் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் குழாயடியில் அலசிவிடுங்கள். உப்புக் காய்ந்தால் துணி விறைத்து நெற்றியை அறுக்கும். வாஷிங் மெஷின், முறுக்கிப் பிழிதல் இரண்டும் முன்மடலுக்கு ஆகாது. ஒரு தூக்குவாளியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவைத்தால் வடிவம் கெடாது. ஹெல்மெட்டின் உள்பட்டைகளையும் வெல்க்ரோவிலிருந்து பிய்த்து வாரம் ஒருமுறை சோப்பில் அலசுங்கள். மழைக்காலத்தில் தலை அரிப்புக்குத் தொப்பியைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் துவைக்காமல் விட்டிருப்பார்கள். எலாஸ்டிக் தளர்ந்த தொப்பியைத் தூக்கி எறிய வேண்டாம். பின் தையலைப் பிரித்து இரண்டு செ.மீ. அகல எலாஸ்டிக் மாற்றித் தரத் தெருமுனைத் தையற்காரருக்குப் பத்து நிமிட வேலை.