காத்திருக்கும் நாட்களில் பியோம்கேஷ்

மே 6
அப்பாவின் சதைப் பரிசோதனையின் முடிவு வர ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். ஆரணிக்குப் போய்த் திரும்பலாம்தான். ஆனால் இந்த அக்னி நட்சத்திர வெயிலில் அப்பாவைப் பேருந்தில் ஏற்றி இறக்க மனம் வரவில்லை. வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் லாட்ஜ் எடுத்தாயிற்று. பலகையில் வங்காள எழுத்துதான் பெரிதாக இருக்கிறது. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறார்கள். மாடி முழுவதும் கடுகெண்ணெய் வாசனை.

மே 7
எதிர் அறையில் கல்கத்தாக் குடும்பம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவருடைய மகள், சிகிச்சைக்கு வந்திருக்கும் அம்மா. மகள் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர்க் குடத்தோடு வந்த பெரியவர் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், குடத்தை அங்கேயே வைத்துவிட்டுச் சண்டையைத் தொடங்கினார். படம் 2015-இல் திபாகர் பானர்ஜி எடுத்த பியோம்கேஷ் பக்ஷி. நான் நின்று கேட்பதைக் கண்டு, எனக்கும் நியாயம் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறினார்.

வங்காள எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் எழுதத் தொடங்கிய துப்பறிவாளன் பியோம்கேஷ், வேட்டி கட்டிய, நிதானமான, பிறரை விடவும் ஒரு படி முன்னால் யோசிக்கிற மனிதன். அவனைக் கல்லூரி முடித்த கையோடு வேலைவெட்டி இல்லாமல் அலையும் பையனாக்கி, வழக்கோடு வந்த அஜித்திடம், சந்தித்த முதல் நாளிலேயே கன்னத்தில் அறை வாங்க வைத்து, ஜப்பானியக் குண்டுவீச்சையும் சீனக் கடத்தல் கும்பலையும் சேர்த்து, போதாததற்குப் பின்னணியில் ராக் இசையையும் அலறவிட்டால் அதற்குப் பியோம்கேஷ் என்று பெயர் வைப்பானேன் என்பது அவர் கட்சி. மூலக்கதையில் அஜித் வழக்குக் கொண்டுவருகிறவனே அல்ல. மெஸ் என்கிற தங்கும் விடுதியில் இடமில்லாமல் அதுல் என்ற பொய்ப்பெயரில் வந்து நின்றவனுக்குத் தன் அறையில் இடம் கொடுத்தவன். அந்த நட்பைக் கன்னத்து அறையில் தொடங்கலாமா என்று அவர் கேட்டபோது குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

மகள் ஒன்றுதான் சொன்னாள். "பாபா, நீங்கள் காப்பாற்றுவது புத்தகத்தை அல்ல, தூர்தர்ஷன் தொடரை."

மே 8
முடிவு வரவில்லை. எதிர் அறையில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

மே 9
அவளிடம் வாங்கி முழுப் படத்தையும் பார்த்தேன். அப்பா பகலெல்லாம் தூங்கினார்; மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது.

அஜித் விட்ட அந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. காணாமற்போன அப்பாவைத் தேடி வந்தவனிடம், அந்த அப்பாவின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் சாத்தியங்களை ஒருவன் கணக்குப் போல ஒப்பித்தால், அறை விழத்தான் செய்யும். அறிவு மிகுந்த இளைஞனுக்கு எதிரே நிற்கிறவனின் வேதனை கண்ணில் படுவதில்லை என்பதை அந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. (இந்த வாரம் நான் சந்தித்த ஓர் இளம் மருத்துவரையும் நினைத்துக்கொண்டேன்.) எதிலும் தவறாத துப்பறிவாளனைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏமாறுகிற, தடுமாறுகிற இந்தப் பையன் புதிதாக இருக்கிறான். போர்க்காலக் கல்கத்தாவும் ஒட்டவைத்த படுதாவாகத் தெரியவில்லை.

எனக்குள்ள குறை வேறு. பியோம்கேஷ் கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொல்கிறவன் அஜித்; அவனுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது. அவன் முட்டாளாகும் இடங்களில் நாமும் முட்டாளாவோம், அதில்தான் சுவை. படத்தில் கேமரா அவனைக் கழற்றிவிட்டு, அவனும் பியோம்கேஷும் இல்லாத இருட்டுக்கெல்லாம் போய் இரத்தத்தைக் காட்டிவிட்டு வருகிறது. ஆனந்த் திவாரி நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் கதை சொல்லும் வேலையைப் பறித்த பிறகு அஜித்துக்கு மிஞ்சுவது கூடவே நடப்பது மட்டும். பெரியவர் வேட்டிக்கும் இசைக்கும் கோபித்துக்கொண்டு, கோபிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

மே 10
அப்பா எழுந்து உட்கார்ந்தார். எதிர் அறைச் சண்டையைச் சொன்னேன். உடனே அவருக்குத் தன் பழைய வழக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"சுஜாதா 'பிரியா'வை லண்டன்ல வெச்சு எழுதினாரு. சினிமாக்காரங்க சிங்கப்பூருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. போவட்டும். கணேஷ் எங்கியாவது பாட்டுப் பாடிக்கினு திரிவானா?"

1978-இல் ரஜினிகாந்த் வக்கீல் கணேஷாக நடித்த அந்தப் படத்தை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை. ரஜினி மீது அவருக்குப் பகையும் கிடையாது. மற்ற படங்களையெல்லாம் விசிலடித்துப் பார்த்தவர். தொடர்கதையாக வாசித்த நாட்களில் தன் மனத்தில் ஒரு கணேஷை உருவாக்கி வைத்திருந்தார், அவனுக்கு இந்த முகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணேஷ் எப்படி இருப்பான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "இப்படி இருக்க மாட்டான்" என்பார்.

மாலையில் இரு பெரியவர்களையும் நடைக்கூடத்தில் உட்காரவைத்தோம். அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகக் கிடையாது. நாங்கள் மொழிபெயர்ப்பதற்குள் சம்பந்திகள் போலத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மே 11
படத்தில் பியோம்கேஷாக நடித்த சுஷாந்த் சிங் ராஜ்புத்தைப் பற்றி இன்று பேச்சு வந்தது. வெளியானபோது படம் வசூலில் சோபிக்கவில்லை. இரண்டாம் பாகம் வரும் என்ற தோரணையில் முடித்திருந்தார்கள், அது வரவேயில்லை. 2020 ஜூனில் அவர் இறந்தபின், முன்பு ஏசிய தன் தோழிகளே காலத்தை முந்திய படம் என்று எழுதித் தள்ளியதாக மகள் கசப்போடு சொன்னாள். அவள் 2015-லேயே தியேட்டரில் பார்த்துக் கொண்டாடியவள். இப்போது வந்து சேர்ந்த கூட்டத்தோடு சேரவும் பிடிக்கவில்லை, விலகவும் முடியவில்லை. பெரியவரோ பையனைக் குறை சொல்லவே இல்லை என்கிறார். குற்றமெல்லாம் இயக்குநர் தலையில்.

இறந்தவனுக்காக அழுவதும் அவன் படத்தை மதிப்பிடுவதும் ஒன்றல்ல. இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவுக்கு நாளை மறுநாள் ஸ்கேன்.

மே 12
முடிவு இன்றும் வரவில்லை. கேட்டால் நாளை மறுநாள் என்கிறார்கள். எரிச்சலில் பெரியவரிடம் வலியப் போய் வாதிட்டேன்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவித் தமிழ்ப் பெயரும் தமிழ் ஊரும் வைத்து எழுதிக் குவித்தார். ஜனங்கள் விரும்பிப் படித்தார்கள். சரதிந்துவின் பியோம்கேஷும் அஜித்தும்கூட ஹோம்ஸ், வாட்சன் போட்ட பாதையில் வந்தவர்கள்தாமே, அப்படியிருக்கப் படக்காரர் மட்டும் ஏன் மாற்றக்கூடாது என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. முதலியார் பெயரை மாற்றினார், சரதிந்து புது மனிதனையே படைத்தார், இருவரும் ஹோம்ஸ் என்ற பெயரைத் தொடவில்லை. இந்தப் படக்காரர்கள் பெயரை வைத்துக்கொண்டு ஆளை மாற்றினார்கள் என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கைலி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். இரவு முழுக்க யோசித்தும், 1967-இல் சத்யஜித் ராய் உத்தம் குமாரை பியோம்கேஷாக்கியபோதும் யாராவது இதையே சொல்லியிருப்பார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. ராயே செய்தாலும் அது பெரியவர் கேள்விக்குப் பதிலாகாது.

மே 13
பெரியவர் கட்டளைப்படி, பாசு சட்டர்ஜி இயக்கிய 1993-ஆம் ஆண்டுத் தூர்தர்ஷன் தொடரின் முதல் பகுதியை அப்பாவும் நானும் கைப்பேசியில் பார்த்தோம். பியோம்கேஷாக ரஜித் கபூர் மெஸ் வாசலில் வந்து நின்றதுமே "இவந்தான் அவன்" என்றார் அப்பா. இந்தி புரியாமல் எப்படித் தெரிந்தது என்றேன். நிற்கிற விதம் என்றார். எனக்கு அஜித்தாக வரும் கே. கே. ரைனாவின் முகத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. எதுவும் புரியாமல், எல்லாம் புரிந்தது போல விழிக்கிறார். படத்தில் எனக்குக் கிடைக்காதது இதுதான் என்று மகளிடம் சொல்ல எதிர் அறைக்குப் போனேன். ஸ்கேனுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.