நார்ஃபோக்கை விட்டுப் போகாத ஃபால்கன்

ஜூன் 3, 2024

நேற்று ஆறாவது ஓவரிலேயே வலது முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாதாம். 46 வயதில் வேகப்பந்து கேட்கிறதா என்று வீட்டில் ஒரு பாட்டம் ஆயிற்று. சும்மா இருக்க முடியாமல் பழைய ஸ்கோர் கார்டுகளை மேய்ந்தபோது மைக்கேல் ஃபால்கன் கண்ணில் பட்டார். 1888இல் இங்கிலாந்தின் இதே நார்விச்சில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர். ஏழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நார்விச் இருக்கும் கவுண்டியான, அதாவது மாவட்டமான, நார்ஃபோக்கின் அணிக்கு ஆடத் தொடங்கியது 1906, முடித்தது 1946. அச்சுப் பிழையோ என்று மறுபடி பார்த்தேன். பிழையில்லை. கடைசி ஆண்டில் அவருக்கு வயது 58, அப்போதும் அவர்தான் கேப்டன்.

வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பலனில்லை.

ஜூன் 8

ஹாரோ பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜில் பெம்புரோக் கல்லூரி. அந்தக் காலத்தில் பல்கலைக்கழக அணி என்றால் சாதாரணமில்லை. டெஸ்டுக்கு அடுத்த நிலையான முதல்தர அந்தஸ்து உண்டு, பெரிய கவுண்டிகளே வந்து மோதும். 1910இல் ஃபால்கன்தான் கேம்பிரிட்ஜ் கேப்டன். ஆனால் லார்ட்ஸில் ஆக்ஸ்ஃபோர்டிடம் வாங்கியது மரண அடி. ஆஸ்திரேலியாவிலிருந்து படிக்க வந்திருந்த லெ கூட்டர் 160 ரன் அடித்ததோடு 11 விக்கெட்டையும் சாய்த்தார். இன்னிங்ஸ், 126 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

ஜூன் 9

இவர் ஏன் டெஸ்ட் ஆடவில்லை? இரவெல்லாம் இதே கேள்வி. அந்தக் காலத்தில் ஒரு கவுண்டிக்கு ஆட வேண்டுமென்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் குடியிருக்க வேண்டும். இவர் பிறந்த நார்ஃபோக்கோ மைனர் கவுண்டி, முதல்தர அந்தஸ்து இல்லாத சின்ன அணி. 1895இல் தொடங்கிய மைனர் கவுண்டி சாம்பியன்ஷிப்பின் முதல் பட்டத்தை டர்ஹாம், வூஸ்டர்ஷயரோடு பகிர்ந்துகொண்ட அணிதான். ஃபால்கன் தலைமையில் 1913இலும் வென்றது. இருந்தாலும் இரண்டு நாள் ஆட்டங்கள், முதல்தரக் கணக்கில் சேராதவை. தேர்வாளர் கண்ணில் படுவது கஷ்டம்.

வழி இல்லாமலும் இல்லை. 1932இல் 16 வயதுப் பையனாக நார்ஃபோக்குக்கு ஆட வந்த பில் எட்ரிச்சுக்கு இவர்தான் கேப்டன். எட்ரிச் மிடில்செக்ஸுக்குப் போனார், இங்கிலாந்துக்கு 39 டெஸ்ட் ஆடினார், 1959இல் நார்ஃபோக்குக்கே திரும்பி வந்தார். ஃபால்கன் போகவே இல்லை. அவ்வப்போது ஃப்ரீ ஃபாரஸ்டர்ஸ் மாதிரி அணிகளுக்கு முதல்தர ஆட்டம் ஆடியதோடு சரி. 1918 முதல் 1923 வரை கிழக்கு நார்ஃபோக்கின் எம்.பி. வேறு. தொகுதியை வைத்துக்கொண்டு எங்கே குடிபோவது?

ஜூன் 22

ஃபால்கனின் பெரிய ஆட்டம் நடந்த ஈஸ்ட்போர்ன் போய் வந்தேன். நார்விச்சிலிருந்து லண்டன், அங்கே ஸ்டேஷன் மாறி இன்னொரு ரயில். முழங்கால் திட்டியது. சாஃப்ரன்ஸ் மைதானத்தில் நகர மன்றத்தின் மணிக்கூண்டைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1921 கோடையில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆஸ்திரேலியர்களை யாராலும் வீழ்த்த முடியவில்லை. டெஸ்ட் தொடர் 3-0. தோற்ற இங்கிலாந்து ஐந்து டெஸ்டில் 30 பேரை மாற்றி மாற்றிப் பார்த்தது. முப்பது பேர்! அதில் ஃபால்கன் இல்லை. இவர்களை ஜெயிக்கிற அணியை என்னால் தேர்ந்தெடுக்க முடியும் என்று அடம்பிடித்த 49 வயது மெக்லாரன், முன்னாள் இங்கிலாந்து கேப்டன், சம்பளம் வாங்காத அமெச்சூர்களாகவே ஒரு அணியை ஆகஸ்டு கடைசியில் இங்கே இறக்கினார். ஃபால்கனும் அதில் ஒருவர். அந்த அணி முதல் இன்னிங்ஸில் 43க்கு ஆல் அவுட்.

மிச்சக் கதை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது இன்னிங்ஸில் மெக்லாரன் அணியின் ஃபோக்னர் அடித்த 153, கடைசியில் அதே அணியின் கிப்சன் எடுத்த 6 விக்கெட், 28 ரன்னில் வெற்றி. யாரும் பேசாதது நடுவில் இருக்கிறது. 43ஐப் பார்த்துவிட்டு ஆட வந்த ஆஸ்திரேலியர்கள் 174இல் சுருண்டார்களே, அது ஃபால்கன் 67 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததால். அவர்கள் 300 அடித்திருந்தால் ஃபோக்னர் எத்தனை அடித்து என்ன?

ஜூலை 21

ஃபால்கன் பிறந்த நாள். மூன்று வாரக் கெடு ஏழு வாரமானது. இன்று நாலு ஓவர் போட்டேன், 31 ரன், விக்கெட் இல்லை. முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அடுத்த ஞாயிறுக்கும் பெயர் கொடுத்தாயிற்று, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.