முட்டிவலிப் பாட்டி

ஜூன் 3, 2025, செவ்வாய்

ராத்திரி பதினொரு மணிக்கு கேசுவாலிட்டியில் இருந்து போன். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, நாலு நாளாக வாந்தி, வயிறு உப்பல், காற்றும் பிரியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தால் சிறுகுடல் அடைத்திருப்பது தெளிவாகத் தெரிகிறது, எதனால் என்பதுதான் தெரியவில்லை. வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு கிடையாது, தொடை இடுக்கில் குடலிறக்கம் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை என்று பி.ஜி. மாணவர் எழுதி வைத்திருந்தார். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், நான் பார்த்தபோதும் அதேதான்.

மகள் மஞ்சப்பையில் இருந்து ஒரு கட்டு சீட்டு எடுத்து நீட்டினார். எல்லாமே முட்டிவலிக்கு. ஒரு வருஷமாக மாத்திரை, ஊசி, தைலம். "வயித்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார், வயசானா வர்ற தேய்மானந்தான்" என்று அவரே முடித்தும் வைத்துவிட்டார்.

"எங்க வலிக்குது பாட்டி, காட்டுங்க" என்றேன். பாட்டி முட்டியைத் தொடவே இல்லை. தொடையின் உள்பக்கம் மேலே ஆரம்பித்து முட்டி வரைக்கும் ஒரு விரலால் கோடு இழுத்தார். "காலை நீட்டுனா சுருக்குன்னு இழுக்குதுய்யா, மடக்கிக்கிட்டா பரவால்ல." ஸ்ட்ரெச்சரில் வலது காலை மடக்கியேதான் படுத்திருந்தார். அந்தக் காலை மெதுவாக நீட்டி, கொஞ்சம் விலக்கி, உள்பக்கமாகத் திருப்பியதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காலை இப்படி நீட்டித் திருப்பினால் தொடையின் உள்பக்கம் வலிப்பதற்கு ஹவுஷிப்-ராம்பெர்க் அறிகுறி என்று பெயர். பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்வது, கட்டிலில் பார்ப்பது ரொம்ப அபூர்வம். இடுப்பெலும்பின் முன்பக்கம் இருபுறமும் ஒரு ஓட்டை உண்டு, அதைச் சவ்வு மூடியிருக்கும். சவ்வின் மேல் ஓரத்தில் அப்டுரேட்டர் நரம்பும் ரத்தக்குழாயும் போக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னப் பாதை. மிச்ச இடத்தைக் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். வயதாகி உடம்பு வற்றினால் கொழுப்பும் போய்விடும், காலியான இடத்தில் குடல் நுழைந்து நரம்பை நசுக்கும், வலி முட்டி வரை இறங்கும். இதுதான் அப்டுரேட்டர் குடலிறக்கம். இடுப்பு அகலம் என்பதால் பெண்களுக்குத்தான் அதிகம், அதிலும் ஒல்லியான பாட்டிகளுக்கு. வீக்கம் தொடைத் தசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் வெளியே தெரியாது. 1724லேயே பாரிஸில் விவரிக்கப்பட்ட நோய் இது, ஆனாலும் இன்றைக்கும் பல பேருக்கு வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரியவருகிறது.

இந்த அறிகுறி பாதிப் பேருக்குக்கூட இருக்காது, அதனால் அது இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சிடி ஸ்கேன் எடுத்தோம். இடுப்பின் முன்னால் இரண்டு தசைகளுக்கு நடுவில் ஒரு குடல் வளையம் தெளிவாக உட்கார்ந்திருந்தது.

ஜூன் 4, புதன்

விடியற்காலை ஆபரேஷன் தியேட்டர். குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் மாட்டியிருந்தது, விடுவித்தபோது கருநீலம். வெந்நீரில் நனைத்த மாப்பை, அதாவது ஆபரேஷனில் ரத்தம் ஒற்றும் துணியை, சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு பி.ஜி.க்களுக்குப் பிடிக்காது, வெட்டிச் சேர்த்துவிடலாமே என்று கை பரபரக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பி, குடல் நெளிய ஆரம்பித்தது. வெட்டவில்லை. பாதையைத் தைத்து அடைத்தோம்.

வயிற்றை மூடப் போகும்போது, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் சிஸ்டர், "மாப் ஒண்ணு குறையுது சார்" என்றார். மயக்க மருந்து டாக்டர் பிரஷர் நிலவரத்தைச் சொல்லி அவசரப்படுத்துகிறார், அசிஸ்டென்ட் கையில் நூல் தயார். சிஸ்டர் ஊசியைக் கொடுக்கவே இல்லை. எண்ணிக்கை சேரும் வரை கொடுக்க மாட்டார், அதுதான் அவர் வேலை, அதைச் செய்ததற்காக அவரை யாரும் முறைக்கக் கூடாது. வயிற்றுக்குள் மறுபடி தேடினோம், இல்லை. கடைசியில் வாளிக்குள் ரத்தத்தில் ஊறி இன்னொரு மாப்போடு ஒட்டிக் கிடந்தது. அங்கேயும் கிடைக்காவிட்டால் மேஜையிலேயே எக்ஸ்ரே எடுத்திருப்போம், எக்ஸ்ரேயில் தெரிகிற இழை மாப்பில் அதற்காகத்தான் இருக்கிறது.

ஜூன் 7, சனி

ஹவுஸ் சர்ஜன்களுக்கு வகுப்பு. அப்டுரேட்டர் குடலிறக்கம் பற்றிக் கேட்கத்தான் ஆர்வமாக வந்திருந்தார்கள், நான் பாதி நேரம் மாப் கதையைத்தான் பேசினேன். உலக சுகாதார அமைப்பு 2008இல் கொண்டுவந்த ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட்டில் 19 விஷயங்கள். மயக்கம் கொடுக்கும் முன், வெட்டும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திச் சத்தமாகக் கேட்க வேண்டும். எட்டு நாடுகளில் எட்டு ஆஸ்பத்திரிகளில், டெல்லியும் அதில் ஒன்று, சோதித்து 2009இல் வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆகக் குறைந்தது. நம் ஊரில் நடப்பது என்ன? பல இடங்களில் நோயாளி உள்ளே வரும் முன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதற்கு அந்தக் காகிதம் இல்லாமலே இருக்கலாம், குறைந்தபட்சம் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பொய்த் தைரியமாவது வராது.

அப்புறம் ஊசி. போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், நேராக வெள்ளை டப்பாவுக்குப் போகட்டும். கையில் குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டு விழுமோ என்று பயந்து இரண்டு நாள் மறைத்து வைக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுசாகப் போட்டவர்கள் கை தூக்குங்கள் என்றேன். தூக்காதவர்களுக்குத் திங்கட்கிழமை வரை கெடு.

ஜூன் 12, வியாழன்

பாட்டி இட்லி சாப்பிடுகிறார், காலையும் நீட்டுகிறார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம்.

மதியம் ஆர்த்தோ நண்பர் போன் போட்டுப் புலம்பினார். முட்டிவலி என்று ஓ.பி.க்கு வருகிற பாட்டிகளை எல்லாம் என் பசங்க வயிற்று ஸ்கேனுக்கு எழுதிவிடுகிறார்களாம். சரி, பேசுகிறேன் என்றேன். ஒல்லி உடம்பு, விட்டு விட்டு வருகிற வயிற்று வலி, வாந்தி, இதெல்லாம் இருந்தால் மட்டும் எங்களிடம் அனுப்புங்கள், மற்றவர்களுக்கு நிஜமாகவே முட்டிதான் தேய்ந்திருக்கிறது.